கேமிங் பிசி அசெம்பிள் பண்ணப் போறீங்களா? காசு எங்கே போகணும், எங்கே போகக் கூடாது? முழு விளக்கம்

பிளஸ் 2 ரிசல்ட் வந்தாச்சு. நல்ல மார்க். 'காலேஜ் படிப்புக்கும் ஆச்சு, கேம் விளையாடவும் ஆச்சு' என்று சொல்லி வீட்டில் கம்ப்யூட்டருக்கு அனுமதியும் வாங்கியாச்சு. அப்பா எண்ணிக் கொடுத்தது 70,000 ரூபாய். இது ஒரு தடவைதான் கிடைக்கும். அடுத்த நாலு வருஷத்துக்கு இதுதான் கம்ப்யூட்டர்.

அந்தப் பணத்தோடு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கோ, உள்ளூர் கம்ப்யூட்டர் கடைக்கோ போனால் முதலில் காதில் விழும் வசனம் இதுதான்: "தம்பி, இது ஐ7. இதுக்கு மேல என்ன வேணும்?"

இதுக்கு மேல நிறைய வேணும். கேமிங் பிசி என்பது ஏழெட்டு பாகங்கள் சேர்ந்து இழுக்கும் வண்டி. ஒன்றை மட்டும் பெரிதாக வாங்கி மற்றதில் கஞ்சத்தனம் செய்தால், பெரிதாக வாங்கியதும் வீண். எந்தப் பாகத்துக்கு எவ்வளவு செலவழிக்கலாம், எதில் கை வைக்கவே கூடாது என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கடையில் சொல்லும் ஐ7 எந்த ஐ7?

இன்டெல் நிறுவனம் 'கோர் ஐ7' என்ற பெயரை 2008-ல் இருந்து பயன்படுத்துகிறது. அதாவது ஐ7 என்பது ஒரு பிராசஸரின் பெயர் இல்லை, குடும்பப் பெயர். 2013-ல் வந்த கோர் ஐ7-4770 கூட ஐ7தான். அதில் 4 கோர்கள், 8 த்ரெட்கள். 2022 தொடக்கத்தில் வந்த கோர் ஐ5-12400எஃப், பெயருக்கு 'ஐ5'. ஆனால் அதில் 6 கோர்கள், 12 த்ரெட்கள். ஒவ்வொரு கோரும் பழையதைவிட வேகமானது. கேமில் இரண்டையும் மோதவிட்டால் இந்த ஐ5 தான் ஜெயிக்கும்.

ஆபீஸ்களில் ஓடிக் களைத்த பழைய கம்ப்யூட்டர்களின் உள்பாகங்களைத் துடைத்து, கலர் கலராக லைட் எரியும் புது கேபினட்டில் மாட்டி 'ஐ7 கேமிங் பிசி' என்று விற்பது நடக்கிறது. இதில் வேகம் மட்டும் பிரச்னை இல்லை. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஆதரவுப் பட்டியல், இன்டெலில் 8-ஆம் தலைமுறையில் இருந்துதான் பெரும்பாலும் தொடங்குகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ல் வாலரன்ட் விளையாட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டும் இருக்க வேண்டும். 4-ஆம் தலைமுறை ஐ7 வாங்கினவர் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்.

எப்படிக் கண்டுபிடிப்பது? 'ஐ7' என்பதை விட்டுவிட்டு, கோடுக்குப் பின்னால் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 4770 என்றால் 4-ஆம் தலைமுறை. 12400 என்றால் 12-ஆம் தலைமுறை. கடைசியில் 'எஃப்' இருந்தால் பிராசஸருக்குள் கிராபிக்ஸ் இல்லை, தனி கார்டு கட்டாயம். 'கே' இருந்தால் வேகத்தைக் கூட்டிக்கொள்ள வசதி உண்டு, விலையும் கூடும்.

முதல் கேள்வி: எந்த கேம்? எந்த மானிட்டர்?

பெரும்பாலானவர்கள் பிராசஸரில் இருந்து தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் அது இல்லை. என்ன விளையாடப் போகிறோம், எந்தத் திரையில் விளையாடப் போகிறோம் என்ற இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால்தான் மற்ற பாகங்களின் அளவு தெரியும்.

திரையைக் கணக்காகப் பார்க்கலாம். 1080பி எனப்படும் ஃபுல் எச்டி திரையில் 1920 x 1080, அதாவது சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள். 1440பி திரையில் சுமார் 36.9 லட்சம். 4கே திரையில் சுமார் 82.9 லட்சம். 4கே திரை வாங்கினால் கிராபிக்ஸ் கார்டு ஃபுல் எச்டியைப் போல 4 மடங்கு புள்ளிகளை வரைய வேண்டும். 70,000 ரூபாய் பட்ஜெட்டில் 4கே மானிட்டர் வாங்குவது, சைக்கிளில் லாரி பாரம் ஏற்றுவது மாதிரி.

அடுத்தது ரெஃப்ரெஷ் ரேட். 60 ஹெர்ட்ஸ் திரை ஒரு விநாடிக்கு 60 முறை படத்தை மாற்றும், ஒரு படத்துக்கு சுமார் 16.7 மில்லி விநாடி. 144 ஹெர்ட்ஸ் திரையில் அது சுமார் 6.9 மில்லி விநாடி. வாலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 மாதிரி சுட்டு விளையாடும் கேம்களில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். கதை சொல்லும் கேம்களில் அவ்வளவு முக்கியம் இல்லை.

கேம்களையும் இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். வாலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போன்றவை சுமாரான கிராபிக்ஸ் கார்டிலேயே ஓடும். ஆனால் விநாடிக்கு 200 ஃபிரேமுக்கு மேல் வேண்டும் என்றால் பிராசஸர் வேகமாக இருக்க வேண்டும். சைபர்பங்க் 2077 போன்ற கேம்கள் கிராபிக்ஸ் கார்டைப் பிழிந்தெடுக்கும். 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேம், 2025-ல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் ஆகியவற்றுக்கு ரே டிரேசிங் வசதி உள்ள கார்டு கட்டாயம். ஜிடிஎக்ஸ் 1660 போன்ற பழைய கார்டுகளுக்கு அந்த வசதி வன்பொருளிலேயே கிடையாது.

"ஜிடிஏ 6-க்காக இப்பவே வாங்கிடலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. 2025 நவம்பரில் ராக்ஸ்டார் வெளியிட்ட அறிவிப்பு பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் மற்றும் எஸ் ஆகியவற்றுக்கானது மட்டுமே. பிசி பற்றி அதில் எதுவும் இல்லை. வராத கேமுக்காக இன்று கூடுதல் பணம் போட வேண்டாம்.

கிராபிக்ஸ் கார்டு: அதிகக் காசு இங்கேதான்

கேமிங் பிசியில் அதிகப் பணம் போக வேண்டிய இடம் இதுதான். மொத்த பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இதற்கு ஒதுக்குவது நியாயம். பெயர்க் குழப்பம் அதிகம் இருப்பதும் இங்கேதான்.

ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் 8 ஜிபி கார்டும் உண்டு, 6 ஜிபி கார்டும் உண்டு. குறைவது 2 ஜிபி மெமரி மட்டும்தான் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். 6 ஜிபி கார்டில் வேலை செய்யும் கோர்களின் எண்ணிக்கையும் குறைவு, வேகமும் குறைவு. அதேபோல ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இரண்டும் 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு வகையாக வருகின்றன. 'எங்க கடையில் மட்டும் இவ்வளவு குறைவு' என்று சொன்னால், எந்த வகை என்று முதலில் கேளுங்கள்.

கார்டில் இருக்கும் மெமரியைப் பந்தி இலை என்று வைத்துக்கொள்ளுங்கள். சமையல் எவ்வளவு வேகமாக நடந்தாலும், இலையில் இடம் இல்லை என்றால் பரிமாறுபவர் நின்றுதான் ஆக வேண்டும். கேமுக்குத் தேவையான படங்கள் கார்டின் மெமரியில் அடங்காவிட்டால், கம்ப்யூட்டரின் ரேமில் இருந்து திரும்பத் திரும்ப எடுத்து வர வேண்டும். அப்போதுதான் கேம் திடீரெனத் தடுக்கித் தடுக்கி நிற்கும். ஃபுல் எச்டியில் செட்டிங்ஸைக் கொஞ்சம் குறைத்து விளையாட 8 ஜிபி போதும். 1440பி-க்குப் போகிறோம், நாலைந்து வருஷம் மாற்ற மாட்டோம் என்றால் 12 அல்லது 16 ஜிபி கார்டைப் பார்ப்பது நல்லது.

விளம்பர எண்களிலும் கவனம் வேண்டும். 2025 ஜனவரியில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070 கார்டு, அதைவிடப் பல மடங்கு விலை கொண்ட ஆர்டிஎக்ஸ் 4090-ன் செயல்திறனைத் தரும் என்று மேடையில் சொன்னார். அது செயற்கை நுண்ணறிவு மூலம் இடையிடையே ஃபிரேம்களை உருவாக்கும் வசதியைச் சேர்த்துச் சொன்ன கணக்கு. இப்படி உருவாகும் ஃபிரேம்கள் படத்தை வழுவழுப்பாகக் காட்டும். ஆனால் நாம் மவுஸை அழுத்துவதற்கும் திரையில் குண்டு பாய்வதற்கும் இடையே உள்ள தாமதத்தைக் குறைக்காது. எனவே கார்டுகளை ஒப்பிடும்போது, இந்த வசதி இல்லாமல் எத்தனை ஃபிரேம் வருகிறது என்று காட்டும் சோதனை வீடியோக்களைப் பாருங்கள். அதுவும் நீங்கள் விளையாடப் போகும் கேமிலேயே பாருங்கள்.

பிராசஸர்: ஜோடி மாடு

பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் ஒரே நுகத்தடியில் பூட்டிய ஜோடி மாடுகள். ஒன்று ஓட, மற்றொன்று நடந்தால் வண்டி நடக்கும் மாட்டின் வேகத்தில்தான் போகும். இதைத்தான் கடைகளில் 'பாட்டில்நெக்' என்கிறார்கள்.

ஃபுல் எச்டி கேமிங்குக்கு இன்று 6 கோர், 12 த்ரெட் உள்ள பிராசஸர் நல்ல தொடக்கம். கோர் ஐ5-12400எஃப், ரைசன் 5 5600, ரைசன் 5 7600 எல்லாம் இந்த வகைதான். கூடுதல் பட்ஜெட் இருப்பவர்கள், கேமுக்கென்றே கேஷ் மெமரியைக் கூட்டி ஏஎம்டி வெளியிட்ட எக்ஸ்3டி வகையைப் பார்க்கலாம். 2023-ல் வந்த ரைசன் 7 7800எக்ஸ்3டி-யில் 96 எம்பி எல்3 கேஷ் இருக்கிறது. ஆனால் 70,000 ரூபாயில் இதை வாங்கினால் கிராபிக்ஸ் கார்டுக்குப் பணம் இருக்காது. அதனால் பயன் இல்லை.

இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சிலவற்றில், மின்னழுத்தப் பிரச்னையால் கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோவதாகப் புகார்கள் எழுந்தன. 2024-ல் இன்டெல் இதை ஒப்புக்கொண்டு, சரிசெய்யும் மைக்ரோகோடு அப்டேட்டை வெளியிட்டது. பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரண்டியை 2 ஆண்டுகள் நீட்டித்தது. இந்தத் தலைமுறைகளில் ஐ7, ஐ9 வாங்குபவர்கள் முதல் வேலையாக மதர்போர்டின் பயாஸை அப்டேட் செய்ய வேண்டும். பயன்படுத்திய பிராசஸர் என்றால், வாரண்டி பாக்கி இல்லாமல் தொடவே வேண்டாம்.

மதர்போர்டு: பொருந்துமா, நாளைக்கும் உதவுமா?

மதர்போர்டு வேகத்தைக் கூட்டாது. ஆனால் தப்பாக வாங்கினால் எதுவுமே பொருந்தாது. பிராசஸர் உட்காரும் இடத்துக்கு 'சாக்கெட்' என்று பெயர். இன்டெலின் 12, 13, 14-ஆம் தலைமுறைகளுக்கு எல்ஜிஏ 1700. கோர் அல்ட்ரா 200எஸ் வரிசைக்கு எல்ஜிஏ 1851. ஏஎம்டி-யில் ரைசன் 5000 வரை ஏஎம்4, ரைசன் 7000-ல் இருந்து ஏஎம்5. ஒன்றில் உட்காருவது இன்னொன்றில் உட்காராது.

சாக்கெட் எவ்வளவு நாள் வாழும் என்பதும் முக்கியம். 2017-ல் முதல் ரைசனோடு பரவலான ஏஎம்4 சாக்கெட்டுக்கு, 2022-ல் கூட ரைசன் 7 5800எக்ஸ்3டி என்ற புது பிராசஸர் வந்தது. ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027-க்கும் அப்பால் ஆதரவு இருக்கும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. எல்ஜிஏ 1700-க்குப் பின் இன்டெல் வேறு சாக்கெட்டுக்குப் போய்விட்டது. இன்று சின்ன பிராசஸர் வாங்கி மூன்று வருஷம் கழித்து மாற்ற நினைப்பவர்களுக்கு ஏஎம்5 வசதி. மொத்தமாக ஒரே தடவை வாங்கி முடிப்பவர்களுக்கு, விலை குறைந்த எல்ஜிஏ 1700 அல்லது ஏஎம்4 போதும்.

கலர் லைட்டும் பெரிய பெயரும் உள்ள போர்டுக்கு அதிகம் கொடுக்க வேண்டாம். எத்தனை ரேம் ஸ்லாட், எத்தனை எம்.2 ஸ்லாட், வைஃபை உண்டா, நீங்கள் வாங்கும் பிராசஸரை அதன் தற்போதைய பயாஸ் ஏற்குமா என்ற நாலு கேள்வி போதும்.

ரேம்: ஒன்றா, இரண்டா?

16 ஜிபி குறைந்தபட்சம். 32 ஜிபி இருந்தால் நிம்மதி. ஆனால் 16 ஜிபி-யை ஒரே ஸ்டிக்காக வாங்காமல், 8 ஜிபி ஸ்டிக் இரண்டாக வாங்குவது நல்லது. இரண்டு ஸ்டிக் இருந்தால் பிராசஸர் ஒரே நேரத்தில் இரண்டு வழியில் தகவல் எடுக்கும். 'அப்புறமா இன்னொண்ணு போட்டுக்கலாம்' என்று ஒற்றை ஸ்டிக்கோடு அனுப்புவது கடைகளில் சகஜம். கேமில் அதன் பாதிப்பு தெரியும்.

ஏஎம்4 என்றால் டிடிஆர்4. ஏஎம்5 என்றால் டிடிஆர்5 மட்டும்தான். எல்ஜிஏ 1700-ல் இரண்டுக்கும் தனித்தனி போர்டுகள் உண்டு. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் 288 பின்கள்தான். ஆனால் நடுவில் இருக்கும் வெட்டு வேறு இடத்தில் இருக்கும், மாற்றிப் போட முடியாது.

ரேம் விலையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போவதால், 2025-ன் கடைசி மாதங்களில் ரேம் விலை உலகம் முழுக்க ஏறியது. மைக்ரான் நிறுவனம், பொதுமக்களுக்கு ரேமும் எஸ்எஸ்டியும் விற்றுவந்த 'குரூஷியல்' பிராண்டில் இருந்து விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. எனவே போன வருஷ வீடியோவில் சொன்ன ரேம் விலையை நம்பி பட்ஜெட் போடாதீர்கள். வாங்கும் அன்றைய விலையைக் கேளுங்கள்.

எஸ்எஸ்டி: விண்டோஸும் கேமும் இங்கேதான்

பழைய ஹார்டு டிஸ்க்கில் கேம் வைத்து விளையாடும் காலம் போய்விட்டது. சைபர்பங்க் 2077, பால்டர்ஸ் கேட் 3 போன்றவை எஸ்எஸ்டி வேண்டும் என்றே கேட்கின்றன. பால்டர்ஸ் கேட் 3-க்கு மட்டும் 150 ஜிபி இடம் தேவை. 500 ஜிபி வாங்கினால் விண்டோஸுக்குப் போக மூன்று பெரிய கேம்களுக்கு மேல் தாங்காது. 1 டிபி வாங்குவது நல்லது.

சாட்டா எஸ்எஸ்டி விநாடிக்கு சுமார் 550 எம்பி வேகம். என்விஎம்இ ஜென்3 சுமார் 3,500 எம்பி. ஜென்4-ல் நல்லவை 7,000 எம்பி வரை போகும். ஆனால் எண் இரட்டிப்பானால் கேம் பாதி நேரத்தில் லோடு ஆகும் என்று அர்த்தம் இல்லை. ஹார்டு டிஸ்க்கில் இருந்து எஸ்எஸ்டிக்கு மாறினால் பெரிய வித்தியாசம் தெரியும். ஜென்3-ல் இருந்து ஜென்4-க்கு மாறினால் கேமில் கொஞ்சம்தான். ஜென்5-க்குக் கூடுதல் பணம் தருவதைவிட, அதை கிராபிக்ஸ் கார்டில் போடலாம்.

எஸ்எம்பிஎஸ்: இங்கே மட்டும் கை வைக்காதீங்க

பட்ஜெட் இடிக்கும்போது எல்லோரும் முதலில் வெட்டும் பாகம் இது. காரணம், எஸ்எம்பிஎஸ் நல்லதாக இருந்தால் ஒரு ஃபிரேம்கூட அதிகம் வராது. வெளியில் தெரியாது, லைட்டும் எரியாது. "கேபினட் கூடவே எஸ்எம்பிஎஸ் வருது தம்பி, தனியா எதுக்கு?" என்பார்கள். 60,000 ரூபாய்க்கு யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்கு பார்க்கும் இடம் இதுதான்.

சுவரில் இருந்து வரும் 230 வோல்ட் கரண்டை 12 வோல்ட்டாக மாற்றி எல்லாப் பாகங்களுக்கும் கொடுப்பது எஸ்எம்பிஎஸ். மற்ற பாகம் பழுதானால் பெரும்பாலும் அது மட்டும் போகும். மோசமான எஸ்எம்பிஎஸ் போனால் மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி என்று கூடவே இழுத்துக்கொண்டு போகலாம். மாலையில் வோல்டேஜ் இறங்குவதும், கரண்ட் போய்த் திரும்பி வரும்போது எகிறுவதும் நம் ஊர் வீடுகளில் புதிதில்லை. நல்ல எஸ்எம்பிஎஸ்-ல் வோல்டேஜ் கூடினாலோ ஷார்ட் ஆனாலோ தன்னையே நிறுத்திக்கொள்ளும் பாதுகாப்புகள் இருக்கும். விலை மலிவான லோக்கல் எஸ்எம்பிஎஸ்-ல் '450 வாட்' என்று ஸ்டிக்கர்தான் இருக்கும்.

எவ்வளவு வாட் வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆர்டிஎக்ஸ் 5060 கார்டு 145 வாட் எடுக்கும். ரைசன் 5 7600 முழு வேகத்தில் 88 வாட் வரை. மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்து 60 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 293 வாட். திடீர் ஏற்றங்களுக்கும் எதிர்கால மாற்றங்களுக்கும் இடம் விட்டால் 550 வாட் சரி. இதே கார்டுக்கு என்விடியா பரிந்துரைப்பதும் 550 வாட்தான்.

பெட்டியில் '80 பிளஸ் பிரான்ஸ்', 'கோல்டு' என்று போட்டிருப்பது, மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான சான்றிதழ். தரத்துக்கான சான்றிதழ் இல்லை. எனவே சான்றிதழோடு, எத்தனை வருஷ வாரண்டி தருகிறார்கள் என்றும் பாருங்கள். 5 வருஷமோ அதற்கு மேலோ தரும் மாடல் என்றால் நம்பலாம்.

இன்னொரு விஷயம். கேபிள்களைக் கழற்றி மாட்டும் வகை எஸ்எம்பிஎஸ்-ல், வேறு எஸ்எம்பிஎஸ்-ன் கேபிளை எக்காரணம் கொண்டும் செருகக் கூடாது. முனை பொருந்தினாலும் உள்ளே வயர் வரிசை மாறியிருக்கலாம். அப்படி இருந்தால் ஸ்விட்ச் போட்ட மறு நொடியே பாகங்கள் கருகிவிடும்.

வெயிலும் தூசியும்: கேபினட், கூலர்

மே மாதத்தில் ஏசி இல்லாத அறையிலேயே 36, 37 டிகிரி இருக்கும். கம்ப்யூட்டர் குளிர்வது அந்தக் காற்றில்தான். முன்பக்கம் முழுக்க கண்ணாடி மூடிய கேபினட் பார்க்க அழகு, உள்ளே காற்று போக வழி இல்லை. முன்பக்கம் வலை இருக்கும் கேபினட்டை எடுங்கள். முன்னால் இரண்டு ஃபேன் காற்றை உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள, இந்த அமைப்பு போதும். கழற்றிக் கழுவக்கூடிய தூசி வலை இருந்தால் இன்னும் நல்லது.

ரைசன் 5 7600, ஐ5-12400எஃப் போன்றவற்றின் பெட்டியோடு வரும் கூலரே வேலைக்கு ஆகும். 'வாட்டர் கூலிங் போடுங்க தம்பி' என்றால், இந்த பட்ஜெட்டில் அவசியமில்லை. வாங்கும் கார்டின் நீளம் கேபினட்டுக்குள் அடங்குமா என்பதை மட்டும் மில்லிமீட்டர் கணக்கில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

யுபிஎஸ் வாங்கும்போது வாட்டைப் பாருங்க

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எல்லோரும் வாங்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். மேலே போட்ட 293 வாட் கணக்கில் மானிட்டரையும் சேர்த்தால் எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிடும். கரண்ட் போன அந்த நொடியில் கேம் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தால் யுபிஎஸ்ஸும் சேர்ந்து படுத்துவிடலாம். 'விஏ' எண்ணை விட்டுவிட்டு வாட் எண்ணைக் கேட்டு, 1,000 விஏ அளவில் வாங்குவது பாதுகாப்பு.

அதற்கும் முன்னால் வீட்டு எர்த்தைப் பாருங்கள். கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது என்றால் எர்த் சரியில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரிசெய்த பிறகுதான் கம்ப்யூட்டரை இயக்க வேண்டும்.

70,000 ரூபாயை எப்படிப் பிரிப்பது?

மானிட்டர், கீபோர்டு, யுபிஎஸ் ஆகியவற்றைத் தனியாக வைத்துவிட்டு, சிபியு பெட்டிக்கு மட்டும் 70,000 என்று எடுத்துக்கொண்டால், தோராயமான பங்கீடு இப்படி:

கிராபிக்ஸ் கார்டு: 38 சதவீதம், 26,600 ரூபாய்
பிராசஸர்: 16 சதவீதம், 11,200 ரூபாய்
மதர்போர்டு: 12 சதவீதம், 8,400 ரூபாய்
ரேம், எஸ்எஸ்டி இரண்டும் சேர்த்து: 20 சதவீதம், 14,000 ரூபாய்
எஸ்எம்பிஎஸ்: 8 சதவீதம், 5,600 ரூபாய்
கேபினட், ஃபேன்: 6 சதவீதம், 4,200 ரூபாய்

இது சட்டம் இல்லை, அளவுகோல். ரேம் விலை ஏறியிருக்கும் நேரத்தில் அந்தப் பங்கு கூடும். அப்போது கேபினட்டிலும் மதர்போர்டிலும் குறைக்கலாம். தேவைப்பட்டால் எஸ்எஸ்டி அளவைக் குறைத்து, பிறகு இன்னொன்று சேர்த்துக்கொள்ளலாம். எஸ்எம்பிஎஸ்-ல் குறைக்க வேண்டாம். 70,000-க்குள்தான் மானிட்டரும் வாங்க வேண்டும் என்றால் முதலில் மானிட்டர் விலையைக் கழித்துவிட்டு, மீதிக்கு இதே சதவீதத்தைப் போடுங்கள்.

பில், வாரண்டி, பழைய கார்டு

கொட்டேஷனை ஒரே கடையில் வாங்காமல் குறைந்தது மூன்று கடையில் வாங்குங்கள். 'கிராபிக்ஸ் கார்டு 8 ஜிபி', 'எஸ்எம்பிஎஸ் 500 வாட்' என்று பொதுவாக எழுதினால் ஏற்காதீர்கள். பிராண்டும் முழு மாடல் எண்ணும் எழுதச் சொல்லுங்கள். சொல்லும் விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். பில் வேண்டாம் என்றால் விலை குறையும் என்பார்கள். அந்தக் குறைவுக்கு நீங்கள் கொடுப்பது வாரண்டியை. பிராசஸர், கிராபிக்ஸ் கார்டுகளுக்குப் பொதுவாக 3 வருஷ வாரண்டி உண்டு. ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் பில்லில் இருக்கட்டும். காலிப் பெட்டிகளையும் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள்.

பழைய கார்டு வாங்கலாமா? வாங்கலாம், ஆனால் கண்ணால் பார்த்து. 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயத்துக்கு கார்டுகளை வைத்து மைனிங் செய்யும் முறை முடிவுக்கு வந்தது. இரவு பகலாக ஓடிய கார்டுகள் அதன்பின் பழைய சந்தைக்கு வந்தன. விற்பவர் வீட்டிலோ கடையிலோ கார்டை மாட்டி, அரை மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஜிபியு-இசட் என்ற இலவச சாஃப்ட்வேரில் கார்டின் உண்மையான பெயரும் மெமரியும் தெரியும். ஓட்டிக் காட்ட மறுத்தால் கிளம்பிவிடுங்கள்.

அசெம்பிள் முடிந்ததா? இந்த 5 விஷயத்தைப் பாருங்க

1. மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் செருகியிருக்கிறதா? மதர்போர்டில் செருகிவிட்டு 'கார்டு வேலை செய்யலை' என்று திரும்ப வருபவர்கள் நிறைய.

2. விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்ஸில் 144 ஹெர்ட்ஸ் தேர்வு செய்திருக்கிறதா? நாமாக மாற்றாவிட்டால் 60-லேயே ஓடிக்கொண்டிருக்கலாம்.

3. பயாஸில் ரேமுக்கான எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ ஆன் செய்திருக்கிறதா? ஆன் செய்யாவிட்டால் 6000 வேக டிடிஆர்5 ரேம்கூட 4800 போன்ற குறைந்த வேகத்தில்தான் ஓடும்.

4. டாஸ்க் மேனேஜரிலும் ஜிபியு-இசட்டிலும் தெரியும் பெயர்கள், பில்லில் உள்ள பெயர்களோடு பொருந்துகின்றனவா?

5. அரை மணி நேரம் உங்களுக்குப் பிடித்த கேமை ஓட்டுங்கள். ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலான பிராசஸர்களின் வெப்ப எல்லை 95 டிகிரி. சாதாரண கேமிலேயே அதைத் தொட்டால் கூலர் சரியாக உட்காரவில்லை, அல்லது அடியில் இருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்க மறந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

அடுத்த முறை கடையில் "தம்பி, இது ஐ7" என்று சொன்னால் கோபப்பட வேண்டாம். நாலே கேள்வி கேளுங்கள்: "அண்ணா, எந்த ஜெனரேஷன்? கார்டுல எத்தனை ஜிபி? எஸ்எம்பிஎஸ் என்ன மாடல்? ஜிஎஸ்டி பில் உண்டா?" இந்த நாலுக்கும் பதில் எழுத்தில் வந்தால் பணத்தை எடுங்கள். வராவிட்டால் பக்கத்திலேயே இன்னொரு கடை இருக்கிறது.